கைமாறிய ஊழியம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாடு முழுமைக்கும் அது 6.12 சதவீதம். நானூறு ஆண்டுகளாகப் பாதிரிமார் நடந்து திரிந்த மண்ணில் எண்ணிக்கை இவ்வளவுதான் என்றால் அவர்கள் பட்ட பாடெல்லாம் வீண்தானா? மிஷன் சங்கங்களே இப்படித்தான் கணக்குப் பார்த்தன. இந்த ஆண்டு எத்தனை ஞானஸ்நானம், எத்தனை புதுக் குடும்பம் என்று லண்டனிலிருந்து கடிதம் வரும். மலையில் ஆறு ஆண்டுகள் கிடந்தும் ஒருவரும் சேரவில்லை என்று பதில் எழுத நேர்ந்தவர்களும் உண்டு.

ஒருவர் தம் விசுவாசத்தைச் செயலாக வாழ்ந்து காட்டினார் என்றால், அவருக்குப் பிறகு எது மிஞ்சுகிறது என்பதுதான் இங்கே ஆராயப்படும் கேள்வி. கட்டடமா, சபையா, பெயரா? அல்லது யாரும் கிறிஸ்தவம் என்று அடையாளம் காணாத வேறு ஏதாவதா? பனமரத்துப்பட்டியில் இருப்பவர்கள் இதற்கு விடை தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மல்லூருக்கு வந்து, ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகத் தெற்கே போனால் கிழக்குப் பக்கம் கொல்லிமலை கூடவே வரும். அந்த மலையில் நடந்ததுதான் இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் கிடைக்கும் மிக விரிவான சான்று.

கிறிஸ்தவத்துக்குள்ளேயே இது பழைய வழக்கு. செயலில்லாத விசுவாசம் செத்தது என்ற கருத்தில் யாக்கோபு ஒரு நிருபம் எழுதினார். விசுவாசம் ஒன்றே போதும் என்று முழங்கிய மார்ட்டின் லூதருக்கு அந்த நிருபம் உவப்பாக இல்லை. 1522-ல் வெளியான தம் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அதைக் குறைத்தே மதிப்பிட்டார். ஐரோப்பாவில் இந்த வழக்கு நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. நம் ஊர்களில் நடக்கவில்லை. யார் வந்து என்ன செய்தார் என்பதைத்தான் நம்மவர்கள் பார்த்தார்கள். இறையியலை அளக்க அவர்களிடம் இருந்த அளவுகோல் கஞ்சி, மருந்து, எழுத்து, மரியாதை.

சமவெளியில்

முதலில் வந்தவர் ராபர்ட் தெ நோபிலி. மதுரையிலிருந்து 1623-ல் கால்நடையாகச் சேலம் வந்தார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் வாதிட்ட இத்தாலியர். சேந்தமங்கலத்துச் சிற்றரசரின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. அவர் விட்டுச் சென்றதில் மறுக்க முடியாதது தமிழ் உரைநடைதான். சமய விளக்கத்துக்காக அவர் எழுதிய நூல்களைத் தமிழ் உரைநடை வரலாறு எழுதும் எவரும் தாண்டிப் போக முடியாது. இன்னொன்றும் விட்டுச் சென்றார். சாதி என்பது வெறும் சமூக வழக்கம், அதை அப்படியே வைத்துக்கொண்டு கிறிஸ்தவராக இருக்கலாம் என்று இடம் கொடுத்தார். உயர்ந்த சாதியாருக்கு ஒரு வகைக் குரு, மற்றவர்களுக்கு வேறு வகைக் குரு என்ற ஏற்பாடு வந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. நோபிலிக்கும் அந்தச் சுவருக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆனால் அவர் திறந்துவிட்ட வழியில் நடந்து போனால் அந்தச் சுவர் எதிர்ப்படும். ஒருவர் விட்டுச்செல்வதில் நல்லதை மட்டும் பொறுக்கிக்கொள்வது நேர்மையாகாது.

அடுத்து லண்டன் மிஷனரி சங்கம். ஹென்றி கிறிஸ்ப் 1827-ல் சேலத்தில் பணி தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், 1831-ல், இறந்துபோனார். பின்னால் வந்த ஜெர்மானியர் யோகான் மிகாயேல் லெக்லர் 1861-ல் சாகும்வரை உழைத்தார். சேலத்தில் அவர் பெயரில் இன்றும் ஓர் ஆலயம் உண்டு. லெக்லர் செய்ததில் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது பிரசங்கமல்ல, அவர் நடத்திய தொழிற்பள்ளி. ஏட்டுக் கல்வி கொடுத்து எழுத்தர்களை உருவாக்குவதே மிஷன் பள்ளிகளின் வழக்கமாக இருந்த காலத்தில், கைத்தொழிலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். உளி பிடிக்கிற கையைக் கல்வியிலிருந்து தள்ளியே வைத்திருந்த நாட்டில் அது சின்ன மாற்றமல்ல. கத்தோலிக்கர் பக்கம், சேலம் மறைமாவட்டம் 1930-ல் அமைந்தது. ஏற்காட்டில் 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளி இன்றும் பேர் வாங்கிய பள்ளி. ஆனால் அது யாருக்கான பள்ளி என்பது வேறு கேள்வி.

மலையில்

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்தில் கட்டட வேலை கற்றவர். லண்டனில் மிஷனரிகளுக்கென்று நடந்த ஒரு குறுகிய கால மருத்துவப் படிப்பும் படித்தார். மருத்துவப் பட்டம் இல்லை. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய சங்கம் 1907-ல் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. சேந்தமங்கலத்தில் இருந்துகொண்டு தமிழ் பழகினார். கொல்லிமலையிலிருந்து சந்தைக்கு இறங்கும் மலையாளிப் பழங்குடி மக்களைப் பார்த்தார். மலைமேல் இரவு தங்கினால் காய்ச்சல் வந்து சாவு நிச்சயம் என்று சமவெளிக்காரர்கள் அஞ்சிய காலம் அது. அச்சம் பொய்யுமல்ல, மலேரியா அவ்வளவு கடுமையாக இருந்தது. எவிலின் ஹாரிஸ் லண்டனில் வசதியான வணிகர் வீட்டில் பிறந்து ஓவியம் கற்றவர். இருவருக்கும் 1913 ஆகஸ்டில் சேந்தமங்கலத்தில் கல்யாணம். கல்யாணம் முடிந்த கையோடு மழையில் மலையேறினார்கள்.

வாழவந்தி நாட்டில் குடியமர்ந்தார்கள். ஜெஸ்ஸி வீடு கட்டினார், பள்ளி கட்டினார், புண்ணுக்கு மருந்து போட்டார், பல் பிடுங்கினார். தச்சு வேலை சொல்லிக் கொடுத்தார். பட்டுப்பூச்சி வளர்ப்பு, ஆரஞ்சுச் சாகுபடி எல்லாம் முயன்று பார்த்தார். வரிக் கொடுமை பற்றி மலை மக்களுக்காக அதிகாரிகளிடம் வழக்காடினார். நரம்புச் சிலந்திக்கு எதிராக அவர் செய்ததை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் விசுவாசம் செயலாவது என்றால் என்ன என்பது அதில்தான் தெளிவாகத் தெரிகிறது.

நரம்புச் சிலந்தி முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இருக்கிற நீளத்தைவிட அதிகமாக வளரும் புழு. காலில் கொப்புளம் கட்டி, உடைந்து, வெள்ளை நூல் மாதிரி தலை நீட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோய் உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி அப்படி எடுத்ததைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்ததாக அவர் மகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். புழுவை எடுப்பது கருணை. அதோடு நின்றிருந்தால் ஜெஸ்ஸியைப் பற்றிப் பேச அதிகம் இருந்திருக்காது. கொப்புளத்தோடு ஒருவர் படிக்கிணற்றில் கால் வைத்தால் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். தண்ணீரில் இருக்கும் கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சிகள் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்துப் புழு வெளிவரும். ஆகவே கிணற்றுக்குள் ஆள் இறங்காமல் கைப்பிடிச் சுவர் கட்டி, மேலிருந்து வாளியில் இறைத்தால் போதும். ஜெஸ்ஸி கொத்தனார் வேலை தெரிந்தவர். சுவர் கட்டினார். இந்தியாவின் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் பதிவானார். 2000-ல் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதைச் சாதித்தது அரசின் தேசியத் திட்டம். மலையில் ஒரு மனிதர் கட்டிய சுவர்களுக்கு அதில் பங்கு கோருவது மிகை. ஆனால் வழி அதேதான்: புழுவோடு போராடாதே, கிணற்றைச் சரிசெய்.

சபை மட்டும் வளரவில்லை. மலையில் இருந்த பூசாரி ஒருவர் இவர்கள் பக்கம் யாரும் போகக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தார். அவர் செய்ததில் தப்பு காண முடியாது. தன் தெய்வத்தையும் தன் மக்களையும் காப்பது அவர் கடமை. முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் கொள்ளைக் காய்ச்சல் மலைக்கும் ஏறியது. நோய் கண்ட வீட்டுக்கு உறவினர்களே போக அஞ்சினார்கள். ஜெஸ்ஸியும் எவிலினும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். பூசாரியும் அவர் மனைவியும் படுத்தார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் குழந்தைகளை இவர்களிடம் ஒப்படைத்தார். எதிரியிடம் இதைவிடப் பெரிய நம்பிக்கையை ஒருவர் காட்ட முடியாது. மலையில் சபை என்று ஒன்று உருவானது அதற்குப் பிறகுதான்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி இறந்தார். மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சல். வயது 44. இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்குத் தந்தி போனது. மலையில் பார்த்த மரம், பூச்சி, பறவை எல்லாவற்றையும் பற்றி அப்பா மகனுக்கு எழுதுவது வழக்கம். கடைசியாக எழுதிய கடிதம் கப்பலில் போய்ச் சேர்ந்தது தந்திக்குப் பிறகு.

எவிலின் இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வைத்தது. மனமெல்லாம் மலையில். கொல்லி, பச்சை, கல்வராயன், பெரியமலை, சித்தேரி என்று ஐந்து மலைகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது புருஷனும் மனைவியுமாக வகுத்த திட்டம். 1947-ல், வயது 68 ஆகிவிட்டது என்று சங்கம் ஓய்வு கொடுத்தது. அவர் ஓய்வை ஏற்றுக்கொண்டு, சங்கத்தின் சம்பளமோ அனுமதியோ இல்லாமல் தம் விருப்பத்தில் கல்வராயன் மலைக்குப் போய்க் குடிசை போட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. மகன் மருத்துவர், வேண்டாம் என்று கெஞ்சினார். கிழவி கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார், குதிரைமேல் ஏறி ஊர் ஊராகப் போனார். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிகூட வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில் 95-ஆம் வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கம்.

எவிலின் விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. பிடிவாதத்தைத் தியாகம் என்று பெயர் மாற்றுவது பக்தி இலக்கியத்துக்கு எளிது. இடுப்பு முறிந்த கிழவியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கியவர்கள் அந்த மலையின் மக்கள். அவர் பிடிவாதத்தின் பாரத்தையும் அவர்கள்தான் சுமந்தார்கள். ஆனாலும் அவரை யாரும் விரட்டவில்லை. 'கிழவி எங்கள் வீட்டு மனுஷி' என்று மலை முடிவு செய்துவிட்டால் அதற்குமேல் வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு என்ன அருகதை?

மலையிலிருந்து வேலூருக்கு

பால் பிராண்ட் 1914-ல் ஊட்டியில் பிறந்து வாழவந்தியில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து. மருத்துவப் படிப்பில் அவருக்கு விருப்பமில்லை. அப்பா மாதிரியே கட்டடத் தொழில் கற்றார். தச்சு, கொத்து என்று ஐந்து ஆண்டுகள். அதற்குப் பிறகுதான் மருத்துவம். போர்க்காலத்தில் லண்டனில் அறுவை சிகிச்சை பயின்று, 1946 கடைசியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அழைத்தவர் ராபர்ட் காக்ரேன்.

மறு ஆண்டு செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் இருந்த தொழுநோய் இல்லத்துக்குக் காக்ரேன் அவரை அழைத்துப் போனார். மடங்கி விறைத்த கைகள். ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, இறுக்கிப் பிடியுங்கள் என்றார் பால். வலிக்கும் அளவுக்குப் பிடி இறுகியது. அந்த வலியில்தான் விஷயம் புரிந்தது. விரலை மடக்குகிற தசை நன்றாகத்தான் இருக்கிறது. செத்திருப்பது விரலை நீட்டி ஒழுங்குபடுத்துகிற சின்னத் தசைகள். நன்றாக இருக்கும் தசையின் நாணை எடுத்துச் செத்த தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டினால்? 1948-ல் வேலூரில் அந்த அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். போலியோ நோயாளிகளுக்கு ஏற்கெனவே செய்த முறைதான். தொழுநோயாளியின் கைக்கு அதைச் செய்ய அதுவரை யாரும் முன்வரவில்லை. பொது மருத்துவமனைகள் தொழுநோயாளியைப் படியேற விடாத காலம்.

பெரிய கண்டுபிடிப்பு அதுவல்ல. தொழுநோய் வந்தால் விரல் அழுகி உதிரும் என்று வைத்தியர்களும் நம்பினார்கள். விரல் குறைவது நோயால் அல்ல, உணர்ச்சி போனதால் ஏற்படும் காயங்களால் என்று பால் பிராண்டும் உடன் வேலை செய்தவர்களும் காட்டினார்கள். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகிய ஒரு பையனின் விரல் எலும்புவரை கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. சூடான பாத்திரத்தைத் தொட்டால் தெரியவில்லை. இரவில் எலி கடித்தாலும் தெரியவில்லை. அதற்கு மருந்து? வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். படிப்பவருக்குச் சிரிப்பு வரலாம். நூறு மாத்திரை செய்யாததை ஒரு பூனை செய்தது.

1951-ல் வேலூரில் நவஜீவ நிலையம் என்று ஒரு குடியிருப்பு. மண்சுவர்க் குடிசைகள், நடுவில் ஒரு தச்சுப் பட்டறை. கை சரியானவர்கள் பிச்சைக்குத் திரும்பாமல் பிழைக்க வேண்டும் என்பதற்காக. தச்சு கற்றுக்கொடுக்கும்போதுதான் எந்தக் கருவி எந்த இடத்தில் காயம் செய்கிறது என்று அன்றாடம் கவனிக்க முடிந்தது. உளியின் பிடியை மாற்றினார்கள். காலுக்கு நுண்துளை ரப்பரில் (எம்.சி.ஆர்.) செருப்பு செய்தார்கள். லெக்லர் சேலத்தில் நடத்திய தொழிற்பள்ளிக்கும் ஜெஸ்ஸி வாழவந்தியில் சொல்லிக்கொடுத்த தச்சுக்கும் இதற்கும் இருக்கும் உறவை நான் வலிந்து கற்பிக்கவில்லை. அப்பாவின் தொழிலை மகன் ஐந்தாண்டு கற்றதனால்தான் வேலூர்ப் பட்டறை வந்தது. 1955-ல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை திறந்தது. 1966-ல் பால் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலும் உணர்ச்சியற்ற கால்தான் என்று கண்டு அதே முறைகளை அவர்களுக்கும் கொண்டுபோனார். 2003-ல் இறந்தார்.

இன்று நம் ஊர் அரசு மருத்துவமனையில் சர்க்கரையால் காலில் புண் வந்தவருக்கு 'எம்.சி.ஆர். செருப்பு போடுங்கள்' என்று எழுதித் தருகிறார்கள். எழுதித் தரும் டாக்டர் இந்து, வாங்கிப் போடுபவர் முஸ்லிம், தைப்பவர் யாரோ. கொல்லிமலைக் குடிசையின் பெயர் அதில் எங்கும் இல்லை. இருக்கத் தேவையுமில்லை. ஞானஸ்நானக் கணக்கில் ஒருபோதும் வராத வரவு இது.

மேரி வர்கீஸையும் இங்கே சேர்க்க வேண்டும். வேலூரில் படித்த கேரளப் பெண். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது. உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது கை அறுவை சிகிச்சை என்று பால் பிராண்ட் யோசனை சொன்னார். சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார் மேரி. பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியது. பத்மஸ்ரீ 1972-ல். பால் பிராண்ட் போய்விட்டாலும் வேலை நிற்கவில்லை என்றால் காரணம் இப்படிப்பட்டவர்கள். அந்தக் கல்லூரியே அப்படிக் கைமாறியதுதான். ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலில் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி நடத்தினார். நாடு விடுதலை பெற்ற சமயத்தில் தலைமைப் பொறுப்பு ஹில்டா லாசரஸ் என்ற இந்தியரிடம் வந்துவிட்டது. வெளிநாட்டார் தாமே இருந்து நடத்தியே தீரவேண்டும் என்று பிடித்துக்கொண்டிருந்த எத்தனையோ நிலையங்கள் பணம் வற்றியதும் பாழாகிப்போயின.

குற்றச்சாட்டு

உதவி செய்து மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு புதிதல்ல. சேவை செய்யுங்கள், மாற்றும் நோக்கம் வேண்டாம் என்று காந்தி மிஷனரிகளிடம் பலமுறை சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் மிஷனரிகளின் பணியை ஆராய்ந்த நியோகி குழு 1956-ல் கடுமையான அறிக்கை தந்தது. தமிழ்நாட்டிலேயே 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. பிராண்ட் குடும்பத்துக்கு மதம் மாற்றும் நோக்கம் இல்லையென்று சொன்னால் அது பொய். இருந்தது, வெளிப்படையாகவே இருந்தது. அதை மறைத்து அவர்களை வெறும் சமூக சேவகர்களாக்குவது அவர்களையே அவமதிப்பது. நான் பார்க்கிற உரைகல் வேறு: மதம் மாறாதவருக்கும் அதே மருந்து, அதே கிணற்றுச் சுவர் கிடைத்ததா? கொல்லிமலையில் கிடைத்தது. ஆறு ஆண்டுகள் ஒருவரும் மாறாதபோதும் புழு எடுப்பதை நிறுத்தவில்லை. உதவிக்கு விலை வைத்த இடங்களும் இருக்கின்றன. அங்கே குற்றச்சாட்டு நியாயமே.

இன்னொரு குற்றச்சாட்டு கனமானது. ஆட்சி பிரிட்டிஷாருடையது, வந்தவர்களில் பலரும் அவர்களே. வெள்ளைத் தோல் திறந்துவிட்ட கதவுகள் ஏராளம். இதை உள்ளிருந்தே உணர்ந்த கிறிஸ்தவர்களும் உண்டு. ச. ஜேசுதாசன் என்ற தமிழ் மருத்துவரும் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரும் 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். 1911 வரை திருப்பத்தூர் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. கதர் உடை, தரையில் உட்கார்ந்து சாப்பாடு, கோயில் அமைப்பில் ஜெபாலயம். 1932-ல் சென்னையில் கதரோடு நின்ற பேட்டனைப் போலீஸ் அடித்து, விஷயம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை போனது. தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா இன்னும் ஒருபடி மேல். லண்டனில் கணக்காயர் படிப்பு படித்தவர், காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்கு உழைத்தார். விடுதலைப் போராட்டத்தில் திருச்சபைத் தலைமை வாய் திறக்காததை நேருக்கு நேர் கண்டித்தார். சிறையில் இருந்தபடி இயேசுவின் போதனை பற்றி நூல் எழுதினார். ஒருவரைக்கூட அவர் மதம் மாற்றியதில்லை. தமிழ்க் கிறிஸ்தவம் பெற்ற மிகப் பெரிய செயல்வீரர் யார் என்று என்னைக் கேட்டால் குமரப்பா என்றுதான் சொல்வேன். சபைகளில் அவர் பெயரைக் கேட்பது அபூர்வம்.

ஒப்பிட்டுப் பார்க்க நம் பக்கத்திலேயே ராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் தொடங்கிய காந்தி ஆசிரமம் இருக்கிறது. கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு. நோக்கம் வேறு, வேலை ஏறத்தாழ ஒன்று. சேவை கிறிஸ்தவர்களின் தனிச்சொத்து என்று எண்ணுகிறவர்கள் ஒருமுறை அங்கே போய்வரலாம்.

தூர்வாராத ஏரி

பனமரத்துப்பட்டி ஏரி 1911-ல் சேலம் நகரத்தின் குடிநீருக்காகக் கட்டப்பட்டது. இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. மேட்டூர்க் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தபின் நகரத்துக்கு அந்த ஏரி மறந்துபோனது. வரத்துக் கால்வாய்கள் தூர்ந்தன, உள்ளே சீமைக் கருவேலம் அடர்ந்தது. கட்டியவர்கள் நன்றாகத்தான் கட்டினார்கள். தங்களுடையது என்று எண்ணிப் பராமரிக்க ஒரு கூட்டம் இல்லை, அவ்வளவுதான். மிஷன் வளாகங்கள் பலவற்றுக்கும் இதே கதி. பள்ளி, ஆஸ்பத்திரி, விடுதி என்று கட்டி வைத்தார்கள். இன்று சில இடங்களில் நிலத்துக்கு வழக்கு, பதவிக்குப் போட்டி, உள்ளே புதர். சபைத் தேர்தலுக்குச் செலவாகும் பணத்தில் எத்தனை மருந்தகம் நடத்தலாம் என்று சபையார்களே பெருமூச்சுவிடுகிறார்கள். நூற்றாண்டு விழா மலர் போடுகிறோம், கல்வெட்டு வைக்கிறோம். அந்த மலரில் படங்களாக இருப்பவர்கள் செய்த வேலையை இன்று யார் செய்கிறார்கள் என்ற பக்கம் மட்டும் மலரில் இருப்பதில்லை.

வேலை இன்னும் தீர்ந்துபோகவில்லை. போதமலைக்கு அண்மைக் காலம்வரை சாலை கிடையாது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாக ஏற்றினார்கள். கர்ப்பிணியைத் தொட்டில் கட்டி இறக்கினார்கள். பனமரத்துப்பட்டியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற மலைத்தொடர் அது.

மேலே இத்தனை பேரைச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பெயர்கள். காரணம் எளிது: அவர்கள் கடிதம் எழுதினார்கள், அறிக்கை அனுப்பினார்கள், அவர்களைப் பற்றிப் புத்தகம் வந்தது. ஜெஸ்ஸி இறந்தபின் மலையில் பள்ளியைத் திறந்து வைத்திருந்த வாத்தியார், காய்ச்சலுக்கு அஞ்சாமல் சமவெளியிலிருந்து ஏறிய கம்பவுண்டர், ஊர் ஊராக நடந்த வேதாகமப் பெண்கள், எவிலினின் குதிரையைப் பிடித்துக்கொண்டு போனவர், கரிகிரியில் முதல் செருப்பைத் தைத்தவர் — இவர்களில் மிகச் சிலரே எழுத்தில் இருக்கிறார்கள். ஊழியம் இவர்கள் கைக்கு மாறியதால்தான் நிலைத்தது.

சேலம், நாமக்கல் பக்கத்துச் சபைகளில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும் கல்லறைப் பதிவேடுகளும் இன்னும் மரப்பெட்டிகளில் இருக்கின்றன. கரையான் தின்னும் முன் அவற்றைப் படமெடுத்து வைக்க வேண்டும். எண்பது வயது தாண்டிய மலையாளிப் பெரியவர்களிடமும், ஓய்வு பெற்ற செவிலியர்களிடமும் போய், யார் யார் வேலை செய்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இதற்கு மிஷன் பணம் தேவையில்லை. ஒரு செல்போனும் சில ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களும் போதும். இந்த ஆண்டே தொடங்குங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும் கடைசி ஆண்டுகள் இவை.